இருபத்தாறு பொட்டுகள்

ஆஜரானோர், 2058 மார்ச் 11, திங்கள்கிழமை:

1. ரங்கமணி, தீர்ப்பாளர்.
2. ஆதவ் கிருபாகரன், வழக்கறிஞர். மூவடி நிறுவனத்துக்காக.
3. முனைவர் விஜயராகவன், மூவடியின் தலைமைப் பொறியாளர். காப்புரிமை கேட்கும் உறுப்பை வடிவமைத்தவர்.
4. சம்பத்குமார், கோவை செயற்கைக்கால் பட்டறைச் சங்கச் செயலாளர். எதிர்மனுதாரர்.
5. நசீமா, உலோக வாசிப்பாளர்.
6. குணசீலன், கதவுப் பணியாளர்.
7. சாட்சி: எஃகு முழங்கால் ஒன்று. வயது இருபத்தேழு.
8. கோகிலவாணி, வயது அறுபத்தொன்று. மேற்படி சாட்சியை அணிந்திருப்பவர்.

ஏழாவது வரிக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் எட்டாவது ஆளே இரண்டு இடத்திலும் போட்டிருந்தார். மை காய்வதற்குள் கை பட்டு இரண்டும் இழுபட்டிருந்தன. நசீமா அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி அப்போது எதுவும் யோசிக்கவில்லை.

காகிதத்தில் மையால் வருகைப் பதிவு எழுதும் இடங்கள் நாட்டில் அதிகம் மிச்சமில்லை. தீர்ப்பாயங்கள் மட்டும் விடாப்பிடியாக எழுதின. எந்தப் படத்தையும், எந்தக் குரலையும், எந்தப் பழைய ஆவணத்தையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, "இது எங்களிடம் முப்பது வருடம் முன்னாலேயே இருந்தது" என்று கண்டவனும் வரைபடத்தோடு வந்து நின்றான். புகைப்படம் கொண்டுவந்தார்கள். செத்துப்போனவர் பேசும் காணொளிகூடக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நேற்றைக்குச் செய்தவை. கடைசியில் சட்டம் மனிதர்களையும் அவர்கள் கொண்டுவரும் ஆதாரங்களையும் தள்ளிவைத்துவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டது. பொருள் பொய் சொல்லாது. அதைப் பேசவைப்பதுதான் பாடு.

அந்தப் பாடுதான் நசீமாவின் உத்தியோகம். அவளுடைய இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் வாசிப்பான். ஊழியர்கள் அதைக் கரைப்பான் என்றார்கள். முடியின் தடிமனை ஆயிரமாகப் பிளந்தால் வரும் அளவுக்கு உலோகத்தை ஒவ்வொரு படலமாக ஆவியாக்கி, அந்த ஆவியைப் படிக்கும். எந்த அரம் எந்தப் பக்கமாக ஓடியது, எத்தனை முறை பாரம் ஏறி இறங்கியது, எந்த எண்ணெய், எந்தத் தூசு, எல்லாம் தெரியும். படித்த படலம் திரும்பி வராது. பத்து வருடத்தில் நசீமா இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்களைப் படித்திருந்தாள். ஒன்றுகூட இப்போது உலகத்தில் இல்லை.

வழக்கு எளிமையானது. மூவடி நிறுவனம் ஒரு முழங்கால் பூட்டுக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. அதில் இரண்டு நாக்குகள். கால் நேரானதும் முதல் நாக்கு விழும். உடம்பின் எடை இறங்கியதும் இரண்டாவது நாக்கு விழுந்து முதலாவதை அமுக்கிப் பிடிக்கும். எடை விலகாமல் இரண்டாவது எழாது. இரண்டாவது எழாமல் முதலாவது எழாது. சுருள்வில் கிடையாது, மின்கலம் கிடையாது. மாட்டியிருப்பவர் படியில் தடுக்கினாலும் முழங்கால் மடங்கி அவரைக் கீழே தள்ளாது. மூவடிக்கு உரிமை கிடைத்தால், அதே மாதிரி செய்துவந்த முந்நூற்று நாற்பது சிறு பட்டறைகளும் நிரந்தரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இந்த உறுப்பு புதிது அல்ல, ஏற்கெனவே இருந்தது என்று சம்பத்குமார் எதிர்மனுப் போட்டிருந்தார். எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான். அந்தப் பதில் ஒரு பெண்ணின் இடதுகாலில் இருந்தது.

"எனக்கு அண்ணன் மாதிரியான மறைந்த பூபதி, பம்ப் கம்பெனி பிட்டர், தம் மனைவி கோகிலவாணிக்காக 2031இல் செய்தது" என்று மனுவில் எழுதியிருந்தார்.

"மூவடி விண்ணப்பம் 2049 ஜனவரியில. அதுக்குப் பதினெட்டு வருசம் முந்தியே இந்தம்மா இதுல நடந்துட்டிருக்காங்க, மேடம்," என்றார் சம்பத்குமார்.

"சொல்றாங்க," என்றார் ஆதவ் கிருபாகரன். "சொல்றதுக்கு என்ன, நான்கூட என் தாத்தா ராக்கெட் விட்டார்னு சொல்வேன்."

"உங்க தாத்தா விட்டது ராக்கெட் இல்லீங், கதை. அது உங்க வரைக்கும் வந்துருக்குது," என்றார் கோகிலவாணி.

தீர்ப்பாளர் ரங்கமணி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு, "நசீமா, வாசிப்பு இல்லாம இதைத் தீர்மானிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க மேடம். வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. வயசு உள்ளேதான் இருக்கும்."

"அப்ப அந்தம்மாகிட்ட விளக்கிச் சொல்லிடுங்க."

நசீமா எழுந்து போய்க் கோகிலவாணிக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தப் பேச்சை அவள் இருநூற்றுப் பன்னிரண்டு முறை பேசியிருக்கிறாள். மணியைக் கொடுத்தவர்கள், கத்தரியைக் கொடுத்தவர்கள், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கொடுத்தவர்கள். கொடுப்பவரை நடக்கவைத்துக் கூட்டிவந்த பொருளை இதுவரை வாங்கியதில்லை.

"அம்மா, ஒரு தடவை தெளிவாச் சொல்லிடறேன். படிச்சு முடிச்சா மிச்சம் எதுவும் இருக்காது. தூள்கூட இருக்காது. ஆவியாப் போயிரும்."

"தெரியுமுங். சம்பத்து சொன்னான்."

"வேற ஒண்ணு மாட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. கேசு முடியற வரைக்கும் இந்த மாதிரிப் பூட்டை யாரும் செய்யக்கூடாதுன்னு தடை இருக்கு. கேசு தோத்தா உங்க பட்டறைகள்ல எப்பவுமே கிடைக்காது."

"சரிங்."

"ஜெயிச்சாலும் இதே மாதிரி இருக்காதும்மா. இது உங்க நடைக்குத் தேஞ்சு பழகினது."

"அது எனக்குத் தெரியாதா கண்ணு? இன்னொண்ணு அராவறதுக்கு இப்பக் கண்ணு பத்தாது. எடுத்துக்கோ."

நசீமா அந்த வாக்கியத்தையும் கேட்டதோடு விட்டுவிட்டாள்.

அன்று விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அந்த அறையின் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசாரணை நடுவே யாரும் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக, மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கனமான தேக்குக் கதவு அது. உள்ளேயிருந்து திறப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். கைப்பிடியை இழுத்தால் திறக்காது. கதவின் பாரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அப்புறம் இழுக்க வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அது என்றைக்கும் கைவந்ததில்லை. அதற்காகத்தான் குணசீலனுக்குச் சம்பளம்.

கோகிலவாணி குணசீலனைக் கூப்பிடவில்லை. போனார், கைப்பிடியை ஒரு தூக்குத் தூக்கினார், திறந்தார்.

"அட, பரவால்லையே! பெரிய வக்கீலுங்களே என்னைய எதிர்பார்த்து நிப்பாங்க," என்றார் குணசீலன்.

"அவிய இழுப்பாங்க. தூக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி வாசிப்புக் கூடத்தை நோக்கி நடந்தார். நாக்குகள் விழும் சத்தம் நடையோடு சேர்ந்தே வந்தது. டிக், டக். டிக், டக்.

வாசிப்புக் கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றி, நான்கு திருகுகளைத் தானே கழற்றினார். யாரையும் தொடவிடவில்லை. கழற்றியதை மடியில் வைத்து முந்தானையால் ஒரு துடை துடைத்து நீட்டினார். சாவிக்கொத்தைக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார். அழுதிருந்தால் நசீமாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உள்ள சந்தனம் இருக்கும். அழுக்குன்னு நெனச்சுக் கழுவிப்போடாத."

"கழுவ மாட்டேம்மா. அழுக்குதான் எங்களுக்கு முக்கியம்."

சம்பத்குமார் சங்கத்திலிருந்து ஒரு சுருள்வில் முழங்கால் கொண்டுவந்திருந்தார். கோகிலவாணி அதை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்ததும் கால் மடங்கியது. சம்பத்குமார் பிடிக்க ஓடினார்.

"விடுடா, விழுகறேன். விழுந்து பழகோணுமல்லோ," என்றார்.

வாசிப்பு மூன்று நாள் நடந்தது.

முதல் நாள் மதியத்துக்குள் நசீமா சாப்பாட்டை மறந்திருந்தாள். நாக்குகளின் உட்பக்கத்தில், பூட்டு மூடியிருக்கும்போது வெளிச்சமே படாத இடத்தில், சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஒரு படலம் அல்ல. குங்குமம், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் நடையில் உதிர்ந்த எஃகின் மிக மெல்லிய பொடி, மறுபடியும் குங்குமம். மரத்தை வெட்டினால் வளையம் தெரியுமே, அப்படி. எண்ணினாள். இருபத்தாறு.

இரண்டாம் நாள் அடிகளை எண்ணினாள். இயந்திரம்தான் எண்ணியது, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய இரண்டு கோடி முறை எடை ஏறி இறங்கியிருந்தது. பேருந்துப் படிகள் தெரிந்தன. ஒரு முறை ஏதோ பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தார், அதுவும் தெரிந்தது. இரண்டு கோடியில் ஒரு முறைகூடப் பூட்டு தவறியிருக்கவில்லை. நசீமா இதுவரை படித்ததில் பெரிய கம்பெனிகள் செய்த உறுப்புகளும் உண்டு. இப்படி ஒரு கணக்கை அவள் பார்த்ததில்லை. எழுந்து கூடத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். தவறு இல்லை.

மூன்றாம் நாள் அடிப்படலத்துக்கு வந்தாள். எல்லாப் பொட்டுக்கும் எல்லா நடைக்கும் கீழே, முதன்முதலில் அந்த எஃகை உருவாக்கிய அரத்தின் கோடுகள். இயந்திரத்தில் வெட்டியது அல்ல, கையால் அராவியது. கோடுகள் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. அந்தச் சாய்வைப் பார்த்ததும் வருகைப் பதிவேட்டில் இழுபட்டிருந்த மை அவளுக்கு ஞாபகம் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு கடைசிப் படலத்தையும் ஆவியாக்கினாள். அதுதான் வேலை. தட்டு காலியாக இருந்தது.

மார்ச் 18 அன்று அதே எட்டுப் பேரில் ஏழு பேர் ஆஜரானார்கள்.

ஆதவ் கிருபாகரன் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். வயதைப் பற்றிய சண்டையை முதலில் போட்டார். "இருபத்தாறு படலம். சரி. ஒரே வாரத்தில் இருபத்தாறு தடவை குங்குமம் வைத்தாலும் இருபத்தாறு படலம்தானே?"

"இல்லீங்க சார்," என்றாள் நசீமா. "ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவே ஏழு எட்டு லட்சம் அடி தேய்மானம் இருக்கு. ஒரு வாரத்தில் அவ்வளவு நடக்கணும்னா குதிரையாலகூட முடியாது. இன்னொண்ணு. பதிமூணாவது பொட்டுக்கும் பதினாலாவதுக்கும் நடுவே மட்டும் ரெண்டு மடங்கு தேய்மானம். அங்கே ஒரு வருசம் பொட்டு வைக்கலை."

தீர்ப்பாளர் கோகிலவாணியைப் பார்த்தார்.

"அது நாப்பத்திநாலாம் வருசமுங். அவர் போய்ட்டார். துக்க வீட்டுல ஆயுத பூஜை கும்புட மாட்டமுங்."

சம்பத்குமார் மாநகராட்சியின் மைப்பதிவேட்டிலிருந்து எடுத்த இறப்புச் சான்றை நீட்டினார். 2044 ஜூலை. அங்கிருந்து பின்னால் எண்ணினால் முதல் பொட்டு 2031. முன்னால் எண்ணினால் கடைசிப் பொட்டு போன அக்டோபர். ஆதவ் கிருபாகரன் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். அதோடு வயதுச் சண்டை முடிந்தது.

ஆனால் அவர் கெட்டிக்காரர். உண்மையான ஆயுதத்தை அடியில் வைத்திருந்தார்.

"ஒப்புக்கறேன் மேடம். இந்த முழங்கால் பழசு. அதனால என்ன? சட்டம் கேக்கறது பழசா இல்லையான்னு இல்லை. உலகத்துக்குத் தெரிஞ்சிருந்ததாங்கறதுதான் கேள்வி. ஒருத்தர் ஒரு பொருளைச் செஞ்சு பெட்டியில பூட்டி வெச்சா அது இருந்தும் இல்லாததுதான். இது ஒரு அம்மாவோட புடவைக்குள்ள இருந்திருக்கு. நாக்குகள் மூட்டுக்குள்ள இருந்திருக்கு. யார் பார்த்தாங்க? பார்த்து யாரால செய்ய முடிஞ்சது? விஜயராகவன் ஒன்பது வருசம் தூங்காம உழைச்சு இதைக் கண்டுபிடிச்சார். இந்தம்மாவோட முழங்காலை எட்டிப் பார்க்கலைங்கறது அவர் குற்றமா?"

அறையில் யாரோ நகைக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். சம்பத்குமாரின் முகம் சுருங்கிவிட்டது. சட்டம் அப்படித்தான் இருந்தது.

"நசீமா?" என்றார் தீர்ப்பாளர்.

"பொட்டு எங்கே இருந்ததுங்கறதைச் சொல்லணும் மேடம். ரெண்டு நாக்கோட உட்பக்கத்திலயும் இருந்தது. நாக்குகளைக் கோத்திருக்கிற ஊடச்சுலயும் இருந்தது. மூட்டு மூடியிருந்தா விரல் போகாத இடம். ஊசிகூடப் போகாது. அந்த இடத்தில பொட்டு வைக்கணும்னா முழுசாப் பிரிச்சுப் போட்டிருக்கணும். இருபத்தாறு தடவை பிரிச்சிருக்காங்க."

விஜயராகவன் முதல்முறையாக வாயைத் திறந்தார். மெலிந்த மனிதர், வந்ததிலிருந்து கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நுட்பமான மூட்டுக்குள்ள யாராவது சந்தனத்தைத் தடவுவாங்களா? அது மணல் மாதிரி அறுக்குமே. எந்தப் பொறியாளனும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

"நான் பொறியாளன் இல்லீங்களே," என்றார் கோகிலவாணி. "வேலை செய்யற சாமானுக்கெல்லாம் பொட்டு வெக்கோணும். நாக்கு ரெண்டும்தான வேலை செய்யுது? மேல இருக்கற மூடிக்கு வெச்சுட்டு உள்ள இருக்கறதுக்கு வெக்காம இருந்தா அது நியாயமுங்களா?"

"அன்னிக்கு என்ன நடக்கும்னு முழுசாச் சொல்லுங்கம்மா," என்றார் தீர்ப்பாளர்.

"பட்டறைல எல்லாச் சாமானையும் கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி, பேப்பர விரிச்சு வரிசையா வெப்பமுங். அரம், சுத்தி, வைஸ், எல்லாம். அதுகளோட என்ற காலையும். அன்னிக்கு ஆயுதம் எதையும் தொடக்கூடாது, வேலை வாங்கக்கூடாது. காலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதனால நான் ஒத்தக்கால்ல முக்காலிமேல உக்காந்துக்குவேன். வீதியே வரும். பொரி, சுண்டல் குடுப்போம். திங்கறவன் சும்மா திங்கமாட்டான், இதென்ன அதென்னன்னு கேப்பான். எடுத்துக் குடுத்துக் காட்டுவேன். இது மொதல்ல விழுகும், இது பொறவு விழுகும், மாட்டிப் பாருன்னு. அப்பநாய்க்கன்பாளையத்துல அன்னிக்குப் பட்டறைக்கு வந்தவங்க எல்லாரும் கையில வெச்சுப் பார்த்துருக்காங்க. பூட்டு முச்சூடும் பிரிச்சுக் கெடக்கும். எதையும் ஒளிச்சு வெக்கலை. நான் எங்க ஒளியறது, ஒத்தக்கால்ல?"

ஆதவ் கிருபாகரன் எழப் பார்த்தார். விஜயராகவன் அவருடைய முழங்கையைத் தொட்டு உட்காரவைத்தார். மூவடி நிறுவனம் இதற்காக அவரை மன்னிக்காது. பிறகு மன்னிக்கவும் இல்லை.

"வாசிப்பின் படத்தை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நசீமா திரையைத் திருப்பினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். விரலை ஒரு வளைவின்மேல் வைத்தார்.

"இந்தச் சாய்வு. பதினோரு பாகை. இதுக்கு மேல போனா நாக்கு சிக்கிக்கும், கீழ போனா வழுக்கும். நானூறு மாதிரி செஞ்சு உடைச்ச பிறகுதான் எனக்கு இது கிடைச்சது." குரலில் வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இவர் எத்தனை செஞ்சார்?"

"ஏழு," என்றார் கோகிலவாணி. "ஆறு தடவை விழுந்து பல்லு ஒடஞ்சுது."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்."

"இல்லம்மா, பூபதி சார் எத்தனை செஞ்சார்னு..."

"மேடம்," என்றாள் நசீமா. "வாசிப்பில் இன்னொரு விஷயம் இருக்கு. அடிப்படலத்தில் அரத்தோட கோடு. வலதுகைக்காரர் அராவினா கோடு ஒரு பக்கம் சாயும். இதில் முழுக்க முழுக்க எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே கை. இடதுகை."

தீர்ப்பாளர் நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் இடதுகைக்காரரா?"

"அவருக்குச் சோத்தாங்கைதானுங். நான்தான் பீச்சாங்கை. பதிவேட்டுல மை இழுபட்டுருக்கறதப் பாருங்க."

சம்பத்குமார் நாற்காலியோடு திரும்பினார். "அக்கா?"

"என்னடா அக்கா? பன்னெண்டு வருசம் வால்வு கம்பெனில பிசிறு எடுத்தவ நான். ஒரு நாளைக்கு நானூறு வால்வு. அரம் எனக்குத் தெரியுமா, பம்ப்புல நட்டு முடுக்குன அவருக்குத் தெரியுமா?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே..."

"சொன்னேன். மனு எழுதறப்பவே சொன்னேன். சிரிச்சுட்டு, பட்டறை அண்ணன் பேர்ல இருந்துச்சு, அப்படியே போட்டுக்கலாம்னே. அதுக்கு முந்தி வீதில சொன்னேன். பூபதி சம்சாரம் புருசன் செத்த துக்கத்துல என்னமோ பேசுதுன்னாங்க. அவர் இருந்தவரைக்கும் அவரே சொல்லுவாரு, இது அவ செஞ்சதுன்னு. அவருக்கு அடக்கம் ஜாஸ்தின்னு அதுக்கும் அவரையே பாராட்டுனாங்க. அப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன்."

சம்பத்குமாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விஜயராகவன் எழுந்து நின்று கோகிலவாணியைப் பார்த்துக் கைகூப்பினார். ஆதவ் கிருபாகரன் சொன்னதையெல்லாம் அது ஒரு நொடியில் கலைத்துவிட்டது.

உத்தரவு அடுத்த திங்கட்கிழமை வந்தது. மூவடியின் கோரிக்கை முழுவதும் தள்ளுபடி. கேட்டிருந்தது, "ஒன்றையொன்று காக்கும் இரண்டு நாக்குகள் கொண்ட, சுருள்வில் இல்லாத பூட்டு, முழங்காலிலோ வேறு எந்தக் கருவியிலோ." அது 2031ஆம் ஆண்டே இருந்தது, ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் பிரித்து வைக்கப்பட்டது, பார்த்தவர் எவரும் செய்யக்கூடியதாக விளக்கப்பட்டது. ஆகவே புதிது அல்ல. யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான்காம் பத்தியில், "மேற்படி உறுப்பைக் கண்டுபிடித்துச் செய்தவர் திருமதி கோகிலவாணி" என்று இருந்தது.

சம்பத்குமார் பட்டறைகளுக்குச் செய்தி சொல்ல வெளியே ஓடினார். மற்றவர்களும் போனார்கள். தீர்ப்பாளர் தம் அறைக்குப் போய்விட்டார். குணசீலன் தேநீர் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோகிலவாணி மட்டும் நான்காம் பத்தியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை படித்தார். மடித்தார். பிரித்து மறுபடி படித்தார்.

நசீமா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அறை காலியாக இருந்ததால், குணசீலன் பின்னால் கதவு மூடிய சத்தம் தனியாகக் கேட்டது.

டிக். டக்.

அவள் கை நின்றது. மூன்று நாள் அந்தச் சத்தத்தின் உள்ளேயே உட்கார்ந்திருந்தவள் அவள். இரண்டு கோடி முறை அது விழுந்த தழும்பைப் படித்திருக்கிறாள். எழுந்து போய்க் கதவின் விளிம்பில் குனிந்து பார்த்தாள். இடைவெளியில் இரண்டு நாக்குகள். ஒன்று மற்றொன்றை அமுக்கிப் பிடித்திருந்தது. பாரத்தைத் தூக்கினால்தான் இரண்டாவது எழும். இரண்டாவது எழுந்தால்தான் முதலாவது. கதவின் அடியில் பித்தளைத் தகடு: கட்டடம் திறந்த ஆண்டு, 2039.

மூவடி விண்ணப்பத்துக்குப் பத்து வருடம் முன்னால். முழங்காலிலோ வேறு எந்தக் கருவியிலோ என்றுதான் கேட்டிருந்தார்கள். அத்தனை பேராசை அவர்களுக்கு. இந்தக் கதவே போதுமானதாக இருந்திருக்கும். இந்தக் கதவைத் திறந்து மூடித்தான் எல்லோரும் அந்த விசாரணைக்கு வந்துபோனார்கள்.

"இப்பத்தான் காதுல உழுந்துச்சா கண்ணு?" என்றார் கோகிலவாணி, தலையை நிமிர்த்தாமல்.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

"மொத நாள் உள்ள வர்றப்பவே தெரியும். எங்க வீதி ஷட்டர்க்கார ராசு. பூஜைக்கு வந்து ரெண்டு கிண்ணம் சுண்டல் தின்னுட்டு ஒரு மணி நேரம் என்ற நாக்கையே பார்த்துட்டிருந்தான். கெவுருமெண்டுக் கட்டடத்துக்குப் பூட்டுச் செய்யறேன்னு பொறவு சொன்னான். நல்லாத்தான் செஞ்சிருக்கான். கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லு."

"இதை அன்னிக்கே கைகாட்டியிருந்தா..." நசீமா திரும்பி அவருடைய புதுக்காலைப் பார்த்தாள். "கதவைப் படிச்சிருப்போம். வெறும் கதவு. உங்க கால் இருந்திருக்கும்மா."

"இருந்திருக்கும்."

"அப்புறம் ஏம்மா?"

கோகிலவாணி உத்தரவை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். எழுந்தார். சுருள்வில் முழங்கால் ஒரு தாவு தாவியது. மேசையைப் பிடித்து நிதானித்துக்கொண்டார்.

"கதவப் படிச்சிருந்தா ராசுவோட கை தெரிஞ்சிருக்கும். அவன் எங்க பார்த்தான்னு கேட்டிருப்பீங்க. பூபதி பட்டறைலன்னு சொல்லியிருப்பான். அவன் பொய் சொல்ல மாட்டான், அவனுக்கு அப்படித்தான் தெரியும். எல்லாரும் ஜெயிச்சிருப்பாங்க. கால் எனக்கு மிஞ்சியிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இருபத்தேழு வருசம் அதுமேல நடந்தேன் கண்ணு. அது யாரு செஞ்சதுன்னு அது ஒண்ணுக்குத்தான் தெரியும். அத வாயத் திறக்க வெக்க உன்ற மிசினை விட்டா வேற வழி இல்ல."

எத்தனையோ பேர் நசீமாவிடம் பொருளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெண் அவளைக் கருவியாக எடுத்து, வேலை வாங்கி, திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்.

"புதுசு செய்வீங்களாம்மா?"

"சம்பத்து செய்யட்டும். நான் பக்கத்துல உக்காந்து திட்டறேன்."

நசீமா கதவைத் திறக்க முன்னால் போனாள். பூட்டைப் பார்த்திருந்தும், பழக்கத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"இழுக்காத," என்றார் கோகிலவாணி. அவளை ஓரமாக நகர்த்திவிட்டு, இடதுகையால் கைப்பிடியைத் தூக்கினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, புதுக்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, தாழ்வாரத்தில் இறங்கினார்.

அவருக்குப் பின்னால் கதவு மெல்லத் திரும்பி வந்து மூடியது. முதல் நாக்கு விழுந்தது. பிறகு இரண்டாவது.